ஒன்பது மணிக்குப் பிறகு யாழ்ப்பாணம்

தம்பி, போனமுறை நல்லூருக்கு வந்து நிண்டிட்டு ரொறன்ரோ திரும்பினாப் பிறகு கேட்டிருந்தீர், "மாமா, யாழ்ப்பாணத்தில நைட் லைஃப் எண்டு ஒண்டு இருக்கோ, இருந்தா எந்தப் பக்கம், இல்லாட்டி அது வாறதுக்கு இன்னும் என்ன வேணும்" எண்டு. ரெண்டு வரியில எழுதி முடிக்கிற விசயம் இல்லை எண்டபடியா தள்ளித் தள்ளி வைச்சனான். 2003 இல இருந்து பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட சாப்பாட்டுக்கடை நடத்தினவன் நான், இப்ப மகன் பாக்கிறார், நான் பின்னேரத்தில லாச்சிக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டிட்டு றோட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறதோட சரி. அந்தக் கதிரையில இருந்து தெரியிறதைத்தான் சொல்லுறன்.

இருக்கு, நீர் தேடின இடத்திலதான் இல்லை. நீர் ஹொட்டல் மேல்மாடி பாருக்குப் போய், ஆறேழு வெளிநாட்டுக்காரரும் கொழும்பில இருந்து வந்த கொம்பனி ஆக்களும் இருக்கக் கண்டிட்டு, "இவ்வளவுதானோ" எண்டு திரும்பி வந்தீர். அதே நேரம் கீழ ஆஸ்பத்திரி வீதியில இறங்கி நடந்திருந்தா ஒன்பது மணிக்கும் மருந்துக் கடை திறந்திருக்கு, போதனா வைத்தியசாலையில ஆக்களை வைச்சிருக்கிற சனம் பிளாஸ்க்கோட தேத்தண்ணிக்கு வருது, கொழும்பு பஸ் ஏறுற சனம் பாக் எல்லாத்தையும் காலுக்குள்ள வைச்சுக்கொண்டு கொத்து சாப்பிடுது, ஓட்டோக்காரர் பிளேன்ரீயோட அரசியல் கதைக்கினம். இதுதான் எங்கட ரவுணின்ர உண்மையான இரவு, இதுக்கு லைற் போட்டு ஆரும் படம் எடுக்கிறதில்லை, அவ்வளவுதான்.

நான் கண்ட அளவில எந்த ஊரின்ர இரவும் ஒரு ஒழுங்கிலதான் வளரும். முதல்ல முழிச்சிருந்தே ஆகவேண்டிய ஆக்கள், ஆஸ்பத்திரி, பஸ், மீன் சந்தை, அச்சகம், இப்பிடியான இடத்து ஆக்கள். அவைக்குச் சாப்பாடு போட ஒரு கடை வரும். கடை திறந்திருக்கெண்டு தெரிஞ்சா பெடியள் வருவாங்கள், பெடியள் வந்து ஒரு பிரச்சினையும் இல்லை எண்டா குடும்பங்கள் வரும், குடும்பங்கள் வந்தாப் பிறகுதான் காசுக்காரர் வந்து கண்ணாடி போட்ட கடை திறப்பினம். அதோட வாடகை ஏறும், முதல் வந்த தேத்தண்ணிக் கடைக்காரன் ஒழுங்கைக்குள்ள தள்ளுப்படுவான், அது வேற கதை, அதுக்குப் பேந்து வாறன்.

எங்கட ஊரில இந்த ஒழுங்கு ஒருக்கா முழுசா இருந்தது. நீர் பிறக்க முதல், ஏன் உங்கட கொம்மா கலியாணம் கட்ட முதல். வெலிங்டன், விண்ட்சர், ராஜா, மனோகரா, றீகல், ராணி எண்டு ரவுணைச் சுத்தித் தியேட்டர், செக்கண்ட் ஷோ முடிஞ்சு நடுச்சாமத்தில சைக்கிள் பட்டாளம் பட்டாளமாக் கோண்டாவில், கொக்குவில், அரியாலைப் பக்கம் பாட்டுப் பாடிக்கொண்டு போவினம், டைனமோ வெளிச்சத்தில ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர். சோனகத் தெரு, ஐஞ்சு சந்திப் பக்கம் முஸ்லிம் ஆக்களின்ர கடையள் பிந்தித்தான் பூட்டுறது, படம் பாத்திட்டு அங்க போய் இறைச்சி ரொட்டி சாப்பிடாத இளந்தாரி அந்தக் காலத்தில இருந்திருக்க மாட்டான். அதைவிடக் கோயில் திருவிழா. அளவெட்டி, இணுவில், மாவிட்டபுரம் எண்டு எங்கயாவது ஒரு கோயிலில விடிய விடிய மேளக் கச்சேரி நடக்கும், தவில் தெட்சிணாமூர்த்தி வாசிக்கிறார் எண்டா பெண்டுகள் பிள்ளையளைப் பாயில படுக்கப் போட்டிட்டு நித்திரை முழிச்சிருந்து கேட்டவை எண்டு என்ர அம்மா சொல்லுவா. இரவில பொம்பிளையள் வெளியில நிக்கிறது யாழ்ப்பாணப் பண்பாடு இல்லை எண்டு இப்ப சில பேர் சொல்லேக்க எனக்கு அந்தப் பாயும் படங்கும்தான் ஞாபகம் வாறது.

பேந்து எல்லாம் ஒண்டொண்டாப் போச்சு. 1990 இல சண்டை திரும்பத் தொடங்கினதோட கரண்ட் நிண்டுது, ஜாம் போத்தல் விளக்கு வந்துது, மண்ணெண்ணை விலையில இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒரு வீட்டிலயும் வெளிச்சம் இல்லை. அந்த வருசம் ஒக்டோபர் 30 ஆந் திகதி புலிகள் முஸ்லிம் சனத்தைச் சில மணித்தியாலத்துக்குள்ள ஊரைவிட்டு அனுப்பினவங்கள், அதோட சோனகத் தெருவின்ர இரவு செத்தது, பிழையைப் பிழை எண்டுதான் எழுதவேணும். 1995 ஒக்டோபர் 30 இல நாங்களும் ரவுணை விட்டிட்டு நடந்தம், அதே திகதி, ஐஞ்சு வருசம் கழிச்சு. திரும்பி வந்தா ஆமி, சென்றி, ஊரடங்கு. 2002 சமாதான காலத்தில கொஞ்சம் மூச்சு விட்டம், அந்த நம்பிக்கையிலதான் நானும் கடை போட்டனான், 2006 ஓகஸ்டில தெற்குக்குப் போற ஏ9 பாதை பூட்டி ஊரடங்கு திரும்ப வந்தாப் பிறகு பின்னேரம் ஐஞ்சரைக்கே கடைக் கதவை இழுத்திட்டு ஓடின நாள் எத்தினை.

இதை ஏன் விரிச்சுச் சொல்லுறன் எண்டா, 2009 இல சண்டை முடிஞ்சுது, ஆனா உடம்புக்கு அது தெரியேல்ல. "பொழுதுபட முதல் வந்திடு" எண்டது ஒரு தலைமுறைக்கு மூச்சு மாதிரி ஆகிட்டுது. ஊரடங்கு போனாலும் மற்றது வந்துகொண்டே இருந்தது. 2011 ஓகஸ்டில கிறீஸ் பூதம், அதாவது இரவில உடம்பில கிறீஸ் பூசிக்கொண்டு வந்து பொம்பிளையளைத் தாக்கிற ஆக்கள் எண்டு ஒரு பயம், நாவாந்துறையில சனத்துக்கும் ஆமிக்கும் முறுகல் வந்து நூறு பேருக்கு மேல பிடிச்சுக்கொண்டு போனவங்கள். 2016 ஒக்டோபரில குளப்பிட்டிச் சந்தியில இரவு மோட்டச்சைக்கிளில போன ரெண்டு கம்பஸ் பெடியள் பொலிஸ் சுட்டதோட செத்துப் போனவங்கள். இடையிடையே வாள்வெட்டு, இப்ப ஐஸ், தூள் எண்டு போதைப்பொருள். ஒவ்வொண்டும் நடக்கேக்க என்ர கடையில இரவுச் சனம் பாதியாக் குறையும், திரும்ப வர மாதக் கணக்காகும். கொழும்பில நாலு பாரில சண்டை வந்தாலும் அடுத்த கிழமை சனம் அங்க நிக்கும், இஞ்ச ஒரு சம்பவம் காணும், எல்லா அப்பாமாரும் பிள்ளையளுக்குப் பூட்டுப் போட்டிடுவினம். அப்பாமாரைக் குறை சொல்லேலாது, அவையும் அந்த ஐஞ்சரை மணியில வளந்தவை.

சண்டை முடிஞ்சாப் பிறகு வந்ததில்தான் ஒழுங்கு தலைகீழாகினது. முதல்ல வரவேண்டிய தேத்தண்ணிக் கடை வராமல் கடைசியில வரவேண்டிய காசு முதல்ல வந்துது. 2013 இல ஆஸ்பத்திரி வீதியில கார்கில்ஸ் ஸ்குவயர், உள்ளுக்கு சினிமா, எஸ்கலேற்றர், முதல் கிழமை எஸ்கலேற்றர் பாக்கவே சனம் வந்தது. 2014 ஒக்டோபரில கொழும்பு ரயில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்துது. 2016 இல ஜெட்விங் ஹொட்டல், மேல பார். பிறகு கபே எண்டு குளிரூட்டின கடையள், கோப்பி ஒரு கப்பின்ர காசுக்கு என்னட்டை ரெண்டு பேர் சாப்பிடலாம். நான் அவையை வேண்டாமெண்டு சொல்லேல்ல, அந்தக் கடையளில வேலை செய்யிற பிள்ளையள் எங்கட பிள்ளையள்தான். ஆனா அதெல்லாம் கதவுக்கு உள்ளுக்க இருக்கிற இரவு. காரில வந்து இறங்கி, உள்ள போய், திரும்பக் காரில ஏறுறது. றோட்டுக்கு அதால ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை.

இப்ப இரவு இருக்கிறது மூண்டு திட்டியா. ஒண்டு நான் சொன்ன பஸ் ஸ்ராண்ட், ஆஸ்பத்திரி வீதி. ரெண்டாவது நல்லூர், திருநெல்வேலிப் பக்கம், கோயிலடியில ரியோ மாதிரி ஐஸ்கிரீம் கடையள், பரமேஸ்வராச் சந்தியைச் சுத்திக் கம்பஸ் பிள்ளையளின்ர சாப்பாட்டுக் கடையள். மூண்டாவது பண்ணைக் கடற்கரை, கோட்டை, பப்ளிக் லைப்ரரி, அதுக்குப் பக்கத்தில இந்தியாக் காசில கட்டி 2023 பெப்ரவரியில திறந்த கலாசார மண்டபம், இப்ப திருவள்ளுவர் பேரும் சேத்திருக்கு. ஆரியகுளத்தையும் சொல்லவேணும், 2021 கடைசியில அதைத் துப்பரவாக்கி நடைபாதை போட்டு லைற் கொழுவினாப் பிறகு பின்னேரத்தில குடும்பங்கள் வந்து குந்தியிருக்குது. ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்காமல் சும்மா இருக்கிறதுக்கு ஒரு இடம் குடுத்தா எங்கட சனம் வரும் எண்டதை அந்தக் குளம்தான் காட்டினது.

பிரச்சினை என்னெண்டா இந்தத் திட்டியளுக்கு இடையில இருட்டு. பஸ் ஸ்ராண்டில இருந்து நல்லூர் ரெண்டரை மூண்டு கிலோமீற்றர், கஸ்தூரியார் வீதி நகைக்கடையள் ஏழு மணிக்கு ஷட்டரை இழுத்தா அந்த றோட்டே செத்த றோட்டு. லைப்ரரியில இருந்து பண்ணைக்குக் கொஞ்சத் தூரம்தான், ஆனா ஒன்பது மணிக்கு நீர் உம்மட தங்கச்சியோட நடந்து போவீரோ? அந்தக் கேள்விக்கு "ஓம்" எண்டு சொல்லேலுமெண்டா அதுதான் நைட் லைஃப், பார் எத்தினை எண்டது இல்லை.

இதெல்லாம் இந்த ஊருக்குச் சரிவராது எண்டு ஆராவது சொன்னா நல்லூர்த் திருவிழாவைக் காட்டுறன். 25 நாள். வாகனத்துக்கு றோட்டைப் பூட்டுகினம், மாநகரசபை கடைக்கு இடம் அளந்து குடுக்குது, தற்காலிகக் கக்கூஸ், தண்ணிப் பந்தல், சாரணர், முதலுதவி, காணாமல் போன பிள்ளைக்கு ஒலிபெருக்கியில அறிவிப்பு, குப்பை இரவோடிரவா அள்ளுப்பட்டிடும். சப்பறம், தேர் நாளையில பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் கைக்குழந்தையோட பெண்டுகள் கச்சான் கொறிச்சுக்கொண்டு போகினம், ஒருத்தருக்கும் பயம் இல்லை. அதே ஊர், அதே பொலிஸ், அதே பெடியள். அப்ப சனத்தின்ர குணத்தில பிழை இல்லை, அந்த 25 நாளும் ஆரோ பொறுப்பெடுத்துச் செய்யினம், மிச்ச 340 நாளும் ஆரும் பொறுப்பில்லை.

அதுக்காக நல்லூரடியையே இரவுச் சந்தை ஆக்கலாம் எண்டு நினைக்காதையும். கோயிலுக்குக் கிட்ட மீன் இறைச்சி போடுற மச்சச் சாப்பாட்டுக் கடை வந்ததுக்கு 2025 இல ஆர்ப்பாட்டமே நடந்தது. சரியோ பிழையோ எண்டு வாதாடலாம், நான் வாதாட வரேல்ல, அந்த இடம் சைவமாயே இருந்திட்டுப் போகட்டும், ஐஸ்கிரீமும் கச்சானும் கடலையும் காணும். மச்சமும் பாட்டும் சத்தமும் வேணுமெண்டா அதுக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கு, வீடும் குறைவு, காத்தும் இருக்கு, கோட்டை பக்கத்தில. கொழும்பில பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தை 2011 இல சாப்பாட்டுக் கடையளாத் திறந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனா காலிமுகத்திடல்தான் எனக்குப் பிடிச்ச உதாரணம், இறால் வடைக்காரனும் பட்டம் விக்கிறவனும் கோடீஸ்வரன்ர ஹொட்டலும் ஒரே காத்தில நிக்கிற இடம். பண்ணை அப்பிடி வரலாம்.

இனி என்ன வேணும் எண்டு கேட்டீர். ஒண்டே ஒண்டு எண்டு சொன்னா, கடைசி பஸ்.

சிரிக்காதையும். மினி பஸ்ஸுகள் ஏழு ஏழரையோட அடங்கத் தொடங்கும், எட்டுக்குப் பிறகு மானிப்பாய்க்கோ அச்சுவேலிக்கோ போறதுக்கு வழி தேடவேணும். இதால என்ன நடக்குது பாரும். என்ர கடையில பில் போடுற பிள்ளை சுன்னாகத்தில இருந்து வாறா, கெட்டிக்காரி, எட்டரைக்கு அவவின்ர அப்பா மோட்டச்சைக்கிளோட வாசலில நிப்பார், நாள் முழுக்கத் தோட்டத்தில நிண்டிட்டு வந்த மனிசன், அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் எண்டா இவவுக்கு வேலை இல்லை. இதே மாதிரி ரவுண் முழுக்க எட்டு மணிக்கு ஒவ்வொரு கடை வாசலிலயும் ஒரு அப்பா, ஒரு அண்ணா. ரியூசன் விடுற நேரமும் இதே காட்சிதான். நைட் லைஃப் வேணுமெண்டு கதைக்கிறவை முதல்ல இந்த அப்பாமாரை எண்ணிப் பாக்கவேணும், அவை வீட்டில இருந்து நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கேலுமெண்டா அண்டைக்குத்தான் ரவுணில இரவு இருக்கு. போனில கூப்பிடுற பிக்மி ஓட்டோ இருக்குத்தான், ஆனா ரவுணுக்குள்ள போறதுக்கு அது சரி, சுன்னாகம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஓட்டோவில போனா அந்தப் பிள்ளையின்ர சம்பளத்தில என்ன மிஞ்சும்?

பஸ்காரரைக் கேட்டனான். அவையின்ர கணக்கும் நியாயம்தான், ரவுணில இருந்து போகேக்க பத்துப் பேர், திரும்பி வரேக்க வெறும் பஸ், டீசல் விலைக்குக் கட்டாது. சனம் இல்லை எண்டு பஸ் இல்லை, பஸ் இல்லை எண்டு சனம் இல்லை, பிறகு சனம் இல்லை எண்டு கடை பூட்டு. இந்த வளையத்தை எங்கயாவது ஒரு இடத்தில காசு குடுத்துத்தான் வெட்டவேணும். என்ர யோசினை, எல்லா நாளும் வேண்டாம், வெள்ளியும் சனியும் மட்டும், பத்து மணிக்கு ஸ்ராண்டில இருந்து இ.போ.ச. எண்ட அரசாங்க பஸ் ஒரு நாலு, காங்கேசன்துறை வீதியால ஒண்டு, பருத்தித்துறை வீதியால ஒண்டு, மானிப்பாய்ப் பக்கம் ஒண்டு, பண்ணையால தீவுப்பக்கம் ஒண்டு. வெறுமனே ஓடினாலும் ஒரு வருசம் நேரம் தவறாமல் ஓடவேணும், ஏனெண்டா ஒருக்கா பஸ் வராமல் விட்டா அந்தச் சனம் திரும்ப நம்பாது. திருவிழாவுக்கு விசேட பஸ் விடத் தெரிஞ்ச ஊருக்கு இது தெரியாத வேலை இல்லை. டீசல் காசு பண்ணையில கடை போடுறவையின்ர வாடகையில இருந்து எடுக்கலாம், நானும் தருவன், எனக்கு அதால லாபம் எண்டபடியா.

அடுத்தது கக்கூஸ். இதை ஆரும் மேடையில கதைக்காயினம். ஆம்பிளையள் மதிலைப் பாப்பினம், பொம்பிளையள் பின்னேரம் நாலு மணியில இருந்து தண்ணி குடிக்காமல் வருவினம். துப்பரவா, லைற்றோட, ஆள் நிக்கிற கக்கூஸ் பண்ணையில ரெண்டு, ஸ்ராண்டில ஒண்டு, காசு எடுத்தாலும் பரவாயில்லை. லைற் பற்றி நான் பெரிசாச் சொல்லேல்ல, ஸ்ராண்டுக்குப் பக்கத்து றோட்டுக்குப் பேரே மின்சார நிலைய வீதி, அங்க இருட்டு எண்டா வெக்கம்.

பெரிய நிகழ்ச்சி நடத்தினா எல்லாம் சரி வந்திடும் எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம். 2024 பெப்ரவரி 9 கோட்டைக்குக் கிட்ட முற்றவெளி மைதானத்தில ஹரிஹரன் இசை நிகழ்ச்சி, நடிகையளும் வந்தவை. சனம் தடுப்புகளை உடைச்சுக்கொண்டு உள்ளுக்க போய், இடையில நிகழ்ச்சியே நிண்டு, அடுத்த நாள் முழுக்க "யாழ்ப்பாணத்தான் காட்டான்" எண்டு எங்கட ஆக்களே எழுதினவை. எனக்கு அந்தக் கதை பிடிக்கேல்ல. இரவில கூட்டமாச் சந்தோசமா இருக்கிறதுக்கு வருசத்தில ஒரு நாள்தான் கிடைக்குமெண்டா அந்த ஒரு நாளில எல்லாரும் முட்டித் தள்ளத்தான் செய்வினம், பசிச்சவனுக்கு முன்னால ஒரு தட்டை வைச்சிட்டு வரிசையா நில் எண்டு சொல்லுற மாதிரி. ஒவ்வொரு சனியும் பண்ணையில ஒரு சின்ன மேடை, உள்ளூர்ப் பெடியளின்ர பாண்ட், ஒரு நாள் நாதஸ்வரம், ஒரு நாள் நாட்டுக்கூத்து, குருநகர் ஆக்களிட்டைக் கேட்டா கூத்துக்குக் குறைவில்லை. அப்பிடி ஆறு மாதம் நடந்தாப் பிறகு பெரிய பாட்டுக்காரர் வந்தாலும் சனம் ஆறுதலாத்தான் வரும். சத்தத்துக்குச் சட்டம் இருக்கு, 2007 இல உச்ச நீதிமன்றம் இரவு பத்தில இருந்து காலமை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டது, ஆனபடியா பத்து மணிக்குப் பாட்டு முடிய, சனம் சாப்பிட்டிட்டு பத்தரைக்கு பஸ் ஏறலாம். பாத்தீரே, நான் மேல பத்து எண்டு சொன்ன பஸ்ஸைப் பத்தரை ஆக்கவேணும்.

குடியைப் பற்றி நீர் கேக்கேல்ல, ஆனா மனசுக்க வைச்சிருந்தீர் எண்டு தெரியும். ஊரில குடி குறைவில்லை, கள்ளுத் தவறணையும் இருக்கு, வைன் ஸ்ரோரும் இருக்கு, போயா எண்ட பூரணை நாளில பூட்டு. இஞ்ச குடி எண்டா வாங்கிக்கொண்டு போய் ஒழுங்கைக்குள்ளயும் வயல் கரையிலயும் இருந்து கெதி கெதியாக் குடிக்கிறது, சாப்பாடும் இல்லை வெளிச்சமும் இல்லை. அது வெளிச்சத்துக்கு வந்து மேசையில சாப்பாட்டோட இருந்தா சண்டை குறையும் எண்டுதான் நான் நினைக்கிறன், உங்கட மாமி இதை வாசிச்சா எனக்கு இரவுச் சாப்பாடு இல்லை. ஆனா அதில தொடங்கக் கூடாது. முதல்ல பார் வந்தா குடும்பம் வராது, குடும்பம் வந்து பழகின இடத்தில பிறகு ஒரு பார் வந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம்.

ஆம்ஸ்டர்டாமில இரவுக்கெண்டே ஒரு மேயர் வைச்சிருந்தவையாம், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பொலிஸ், சபை எல்லாரையும் ஒரு மேசையில இருத்திறது அவரின்ர வேலை. எங்களுக்கு மேயர் எல்லாம் வேண்டாம், மாநகரசபையில ஒரு உத்தியோகத்தர், இரவு பத்துக்கு அடிச்சா போன் எடுக்கிற ஒருத்தர் காணும். கடை இடம் குடுக்கேக்க பாதியைச் சின்ன ஆக்களுக்கு எண்டு முதலே ஒதுக்கவேணும், அப்பம் சுடுற அக்கா, கூழ் காய்ச்சுற ஆக்கள், திரும்பி வந்திருக்கிற சோனகத் தெருக் குடும்பங்கள். இல்லாட்டி ரெண்டு வருசத்தில கொழும்புக் கொம்பனியள் எல்லா இடத்தையும் எடுத்து ஒரே பீற்சாவை விப்பினம், நான் முதல் சொன்ன வாடகைக் கதை இதுதான்.

அடுத்தமுறை வரேக்க திருவிழாவில வராமல் சும்மா ஒரு தை மாசிச் சனிக்கிழமை வாரும். எட்டேகாலுக்குக் கடைக்கு வந்தீரெண்டா வாசலில சுன்னாகத்து அப்பா நிப்பார், அவரோட கதையும், நல்ல மனிசன், உம்மட கொப்பாவை அவருக்குத் தெரியும். பிறகு கொழும்பு பஸ்ஸுகள் வெளிக்கிட்டு றோட்டு வெறிச்சாகிற வரைக்கும் இருந்து பாரும், கொத்து நான் போடுறன்.